சாப்பாடு போட்டால் யார்தான் போவார்கள்? சாய்ந்தமருதில் ஒரு வயலும் மூன்று யானைகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் பஸ் கட்டணம் இருக்கும், ஓட்டோக் கூலி இருக்கும், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கடை பூட்டுவார்கள் என்பதும் இருக்கும். ஒரேயொரு தூரம் மட்டும் இருக்காது. அந்தத் தூரத்துக்காகவே நீங்கள் இங்கே வந்திருந்தால் கொஞ்சம் பொறுத்துக் கடைசி வரை வாசியுங்கள். கோபம் அப்போதும் மிச்சமிருந்தால் கொமெண்டில் கொட்டிவிட்டுப் போகலாம்.

விஷயம் தொடங்கியது ஒரு வீடியோவில். வான் ஜன்னலுக்குள் யானை தும்பிக்கையை நீட்டுகிறது, உள்ளே இருந்து யாரோ தர்ப்பூசணித் துண்டு கொடுக்கிறார்கள், பின்னால் தங்க நிறத்தில் நெல்வயல். என் வாசகர்களில் சிலர் அதை எனக்கு அனுப்பி, "அக்கா, இந்த ரோட்டு அம்பாறைப் பக்கமாம். போய்ப் பார்த்து விபரமாக எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்கள். வத்தளையில் இருந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றும் எனக்குக் கல்முனைப் பக்கம் என்றால் அறுகம்பே போகும் வழியில் பஸ்ஸுக்குள் தூங்கிய இடம், அவ்வளவுதான். அந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது. பெப்ரவரியில், பெரும்போக அறுவடை நடக்கும் நேரத்தில், வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

கொழும்பு கோட்டையில் இரவு ஒன்பது மணிக்குக் கல்முனை பஸ். சொகுசு ஆசனம் 2,700 ரூபாய். 'சொகுசு' என்பது முன்னால் எழுதியிருக்கும் சொல் மட்டும்தான், முழங்காலை எங்கே வைப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை காலை ஐந்தேகாலுக்குச் சாய்ந்தமருதில் இறக்கிவிட்டார்கள். கல்முனையில் இருந்து தெற்கே சுமார் மூன்று கிலோமீற்றர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடற்கரையோரம் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தங்கியது ஒரு வீட்டின் மேல்மாடி அறையில், ஒரு நாளுக்கு 3,000 ரூபாய். வீட்டுக்காரர் நவ்சாத், ஓட்டோ ஓட்டுகிறார். கொழும்புப் பழக்கத்தில், அண்ணன் என்ற முறையில், "நானா" என்று கூப்பிட்டேன். "இஞ்ச காக்கா எண்டுதான் சொல்லுற, மிஸ்" என்று திருத்தினார். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் கடைசி வரை அவருக்கு நான் மிஸ்தான். வீட்டுக்காரர் என்று எழுதியதையும் திருத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். "ஊடு அவட. வயலும் அவட. ஓட்டோ மட்டுந்தான் என்ட" என்று நவ்சாத் காக்காவே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த 'அவ', அவர் மனைவி பரீதா ராத்தா. (ராத்தா என்றால் அக்கா.)

ராத்தாவை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு கையில் இடியப்பத் தட்டும் மறுகையில் போனுமாக நின்றார். போனில் யாரையோ வறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழம எண்டா சனிக்கிழம வரணும். இனியும் நாளைக்கி நாளைக்கி எண்டு சொல்ல ஏலாது, வேளாண்ம விழப் போகுது." வேளாண்மை என்றால் இங்கே விளைந்து நிற்கும் நெல். மறுமுனையில் இருந்தது வெட்டு மிசின்காரர். வட்டை, அதாவது அந்த வயல்வெளி, முழுக்க ஒரே நேரத்தில் முற்றிவிட்டதால் மிசின் வரிசைப்படிதான் வரும், ராத்தாவின் இரண்டு ஏக்கருக்குச் சனிக்கிழமை காலை முறை. அதுவரை பயிர் நிற்க வேண்டும், அதுவும் யானை கண்ணில் படாமல். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இரிங்க புள்ள, பஸ்ஸுல பட்டினியா வந்திரிப்பீங்க" என்று பத்து இடியப்பத்தைத் தட்டில் போட்டார். மீன் சொதி, சம்பல், பொரித்த கீரி மீன். அறை வாடகையில் சாப்பாடு சேரவில்லை என்று நினைவூட்டினேன். அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

இதை நகைச்சுவைக்காக எழுதவில்லை. பின்னால் தேவைப்படும். அன்று காலை பத்து மணிக்குள் நான் இரண்டு வீட்டில் தேத்தண்ணி குடித்திருந்தேன். மருதமுனையில் இடுப்பில் கட்டும் சாரம் வாங்கப் போன நெசவு வீட்டில் எருமைத் தயிர் வந்தது, சீனியோடு. வேண்டாம் என்றால் வயிற்றில் வருத்தமா என்று கேட்கிறார்கள். (மருதமுனைக்குச் சாய்ந்தமருதில் இருந்து ஏழு கிலோமீற்றர் இருக்கும். கைத்தறிச் சாரம் நான் வாங்கியது 1,900 ரூபாய். தறி ஓடும் வீட்டுக்குள் போவதாக இருந்தால் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போங்கள், அது கடையில்லை, ஒருவருடைய வீட்டு ஹோல்.)

அன்று பின்னேரம், அஸர் தொழுகை முடிந்ததும், நவ்சாத் காக்கா என்னை அந்த ரோட்டுக்குக் கூட்டிப்போனார்.

கடற்கரையை விட்டு மேற்கே திரும்பினால் சட்டென்று வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் முற்றிய நெல், தூரத்தில் மலைக்கோடு. அழகு என்று எழுதாவிட்டால் பொய். அந்த அழகின் நடுவே பதினைந்து வாகனங்கள் வரிசையாக நின்றன. ஒரு தற்காலிகக் கடையில் பழுத்து நைந்த வாழைப்பழம், வெட்டிய தர்ப்பூசணி, பூசணித் தோல் எல்லாம் பையில் கட்டித் தொங்கின. ரோட்டோரப் பற்றைக்குள் மூன்று யானைகள் வாகனங்களைப் பார்த்து நின்றன, ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி.

நவ்சாத் காக்கா இறங்கிப்போய் ஒரு பை பழம் வாங்கி என் மடியில் வைத்தார். "மிஸ் நம்மட விருந்தாளி. இது என்ட கணக்குல." நான் எறியவில்லை. கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை, பயம். கிட்ட நின்ற யானையின் கண் எனக்கு எட்டு அடி தூரத்தில் இருந்தது. பக்கத்து வானில் இருந்து ஒரு குழந்தை வாழைப்பழம் எறிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள்.

"காக்கா, இப்படிக் கொடுத்தால் வயலுக்குள் வராதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் இப்படி யோசிப்பார்கள்.

"மிஸ், இது வந்த ஆக்கள் தொடங்கினதில்ல, நாமதான் தொடங்கின. போன போகம் ஆன எறங்கி நல்லா அழிச்சிப் போட்டுது. அப்ப வட்டைக்காரங்க எல்லாரும் கதைச்சம். பசியிலதானே எறங்குது, ரோட்டுக்கரையில வெச்சி வயிறு நெறைய குடுப்பம், திண்டுட்டுப் போயிரும் எண்டு. மெய்தான், நாலஞ்சி நாள் வயலுக்குள்ள காலே வெக்கல்ல! பொறகு யாரோ வீடியோ எடுத்தாங்க. இப்ப நாம குடுக்கத் தேவல்ல, வாற ஆக்களே குடுக்காங்க. எனக்கும் ஹயர் கெடைக்கிது."

(ஹயர் என்றால் ஓட்டோச் சவாரி.) பிறகு ரோட்டுக்கு மறுபக்கம் கையைக் காட்டினார். வெள்ளைத் துணி கட்டிய கம்பு ஒன்று நின்றது. "அந்தா, அதுதான் ராத்தாட வயல்." யானை நின்ற இடத்துக்கும் அந்தக் கம்புக்கும் இடையில் ஒரு ரோட்டும் ஒரு வாய்க்காலும்தான்.

மடியில் இருந்த பையோடு வீட்டுக்கு வந்தேன். ராத்தா பையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பழத்தைக் கொண்டுபோய் ஆட்டுக்குப் போட்டார். நவ்சாத் காக்கா உடனே ஓட்டோ கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாள் வெள்ளி. பன்னிரண்டுக்கெல்லாம் கடைகளைப் பூட்டிவிட்டார்கள், ஜும்ஆ முடிந்து ஒன்றரைக்குப் பிறகுதான் ஊர் மறுபடி நடமாடியது. அந்த நேரத்தில் கல்முனைச் சந்தையில் சாமான் வாங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நான் குசினியில் ராத்தாவுடன் இருந்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே மனத்தில் இருந்ததைக் கொட்டினார்.

"இவருக்கு ஹயர், எனக்கு வயல். ஆக்கள் வந்தா இவருக்குச் சந்தோசம், எனக்கு நெஞ்சு படபடக்குது. ஆன முந்தி ராவைக்குத்தான் வரும், வெடி போட்டாப் போகும். இப்ப பின்னேரமே வந்து நிக்குது, வெடிக்கும் அசையிதில்ல. ஒரு வருசச் சோறு புள்ள அதுக்குள்ள நிக்கிறது. உம்மா எனக்குத் தந்த வயல்."

"அங்கே வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதுதானே ராத்தா?"

"யா அல்லாஹ், வந்த ஆக்கள எப்பிடி ஏசுற?" என்று என்னை அதிர்ச்சியோடு பார்த்தார். நான் ஏசச் சொல்லவில்லை, சொல்லத்தான் சொன்னேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருந்தது.

சாப்பிடும்போது நவ்சாத் காக்கா மறுபடி தன் கணக்கைச் சொன்னார், வயிறு நிறைந்தால் யானை போய்விடும் என்று. என் தட்டில் அப்போது மூன்றாவது தரமாகச் சோறு விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "காக்கா, நான் எத்தனை நாளுக்கு அறை கேட்டேன்?" என்றேன். "ரெண்டு நாளைக்கி." "இப்போது ஞாயிறு வரைக்கும் இருக்கப் போகிறேன். ஏன் தெரியுமா? இந்தச் சாப்பாட்டை விட்டுப் போக மனமில்லை. நானே போகவில்லை, யானை எப்படிப் போகும்?" ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காக்கா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டு கறியைப் பிசைந்தார்.

அன்று பின்னேரம் ராத்தாவும் எங்களுடன் ரோட்டுக்கு வந்தார். விடிந்தால் மிசின் வரும், ஒரு பின்னேரம் தாண்டினால் போதும். முதல் நாளைவிடக் கூட்டம். வயல் கரையில் நின்று பத்து நிமிடம் பார்த்தார். பிறகு அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பெரிய வானிடம் போனார். குருநாகல் பக்கத்துச் சிங்களக் குடும்பம், நாலைந்து பெண்கள், சின்னப் பிள்ளைகள். ராத்தாவுக்குச் சிங்களம் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். ஆனால் 'பாத்ரூம்' எல்லா மொழியிலும் பாத்ரூம்தானே. பெண்களைப் பார்த்து, "பாத்ரூம்? எங்கட ஊட்ட, வாங்க, தேத்தண்ணி, வாங்க" என்று கையால் சாய்ந்தமருதுப் பக்கம் காட்டினார்.

மத்தியானத்தில் இருந்து வானுக்குள் இருக்கும் பெண்களிடம் இதைச் சொன்னால் என்ன நடக்கும்? கதவு மூடியது, டிரைவர் வானைத் திருப்பினார். யானை பார்க்க வேண்டும் என்ற ஆண்களின் குரல் உள்ளே அமுங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்தவர்களை ஏசக்கூடாது, சரி. சாப்பிடக் கூப்பிடலாமே! அடடா, என்ன மூளை! நவ்சாத் காக்காவும் விளங்கிக்கொண்டு, வேறு வழி இல்லாமல், கொழும்பில் இருந்து ஒரு காரில் வந்திருந்த நாலு பையன்களைக் கூப்பிட்டார். சாப்பாடு என்றதும் அவர்கள் கேள்வியே கேட்கவில்லை. மற்ற வாகனங்கள் இருட்டத் தொடங்கவும் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

அன்று அந்த வீட்டில் பதினாறு விருந்தாளிகள். தேத்தண்ணி என்று தொடங்கியது சோறாக முடிந்தது. ஆண்கள் முன் ஹோலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், காக்கா பரிமாறினார். பெண்கள் உள்ளே எங்களுடன். ராத்தா முன்பக்கம் போகவே இல்லை, திரைச்சீலை இடுக்கால் தட்டுகளைப் பார்த்து "அந்தச் செவத்த சேட்டுப் பொடியனுக்கு மீன் வைங்க" என்று உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். காரில் வந்த நாலு பேரில் ஒருவனான அந்தச் சிவப்புச் சட்டைப் பையன் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது காக்காவிடம், "இப்படி ஒரு சாப்பாடு வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை" என்றான். ராத்தா அதைத் திரைக்குப் பின்னால் கேட்டு, பெருமையைக் காட்டாமல் இருக்க முயன்று தோற்றார்.

சனி காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு காக்கா வயலைப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வயல் காவல்காரர்கள் சொன்னபடி, ரோட்டில் யாரும் இல்லாததால் யானைகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டனவாம். ஒரு கதிர் சாயவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ராத்தா. மிசின் வருகிறது என்று வயலில் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க மாட்டிறைச்சிக் கறி அடுப்பில் ஏறியது.

மிசின் வரவில்லை. எட்டு மணிக்கு வரவில்லை, பத்துக்கும் வரவில்லை. பதினொன்றுக்குப் போன் வந்தது, பக்கத்து வயலில் சங்கிலி அறுந்துவிட்டது, சாமான் அம்பாறையில் இருந்து வர வேண்டும், ஞாயிறு விடியத்தான். ராத்தா இந்தத் தடவை யாரையும் ஏசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கறிச்சட்டியை மூடி வைத்தார்.

மத்தியானம் காக்கா தன் போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நேற்றுச் சாப்பிட்ட பையன்கள் பதிவு போட்டிருக்கிறார்கள். யானை, வயல், பாய், சோறு, எல்லாம் படம். இடத்தை வரைபடத்தில் குறி போட்டிருக்கிறார்கள். 'யானையும் பார்க்கலாம், அன்பான மனிதர்களையும் பார்க்கலாம், கட்டாயம் போங்கள்.' கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. நன்றி சொல்லியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் எழுத வந்திருந்தேன், இன்னும் விபரமாக.

அன்று பின்னேரம் அந்த ரோட்டில் வாகனங்களை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். காரைதீவுச் சந்தி வரைக்கும் வரிசை இருந்ததாகச் சொன்னார்கள். கடைக்காரரின் பைகள் அரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் சிக்கல். யானைகள் வாகனம் வாகனமாகப் போய்த் தும்பிக்கையை நீட்டின, கொடுக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. யாரோ ஹோர்ன் அடித்தார்கள். பெரிய யானை ரோட்டைக் கடந்தது, வாய்க்காலுக்குள் இறங்கி ஏறியது, வெள்ளைத் துணிக் கம்பைத் தாண்டி ராத்தாவின் வயலுக்குள் போனது. மற்ற இரண்டும் பின்னால் போயின.

ராத்தா வரம்பின் தலைப்பில் நின்றார். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். ரோடு முழுக்க போன்கள் உயர்ந்தன. தங்க நிற நெல்லுக்குள் யானை, பின்னால் அந்திச் சூரியன். வீடியோவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

திரும்பிப் பார்த்தேன். ராத்தாவிடம்தான் சொல்கிறான், நேற்றைய சிவப்புச் சட்டைப் பையன். இன்று நீலச் சட்டை. இன்னும் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்திருக்கிறான். நேற்று முன் ஹோலில் இருந்து சாப்பிட்டவனுக்குச் சமைத்தவர் முகம் எப்படித் தெரியும்? ராத்தாவுக்கு அவன் முகம் நன்றாகத் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருப்பேன். அதற்குள் ராத்தா திரும்பினார்.

"நேத்து எங்கட ஊட்ட சோறு திண்ட புள்ளதானே நீங்க?"

அவன் போனை இறக்காமலே ராத்தாவைப் பார்த்தான்.

"ரெண்டு தரம் கேட்டு வாங்கித் திண்டீங்க. அந்தச் சோறு எங்க இரிந்து வந்த எண்டு நெனச்சீங்க மனே? கடையில வாங்கல்ல. போன போகம் ஆன திண்டு மிஞ்சின நெல்லு. இந்தா, இவடத்த வெளஞ்ச நெல்லு. இப்ப அதுக்குள்ளதான் ஆன நிக்கிது. நான் மறைக்கிறனா?" பிறகு முழு ரோட்டுக்கும் கேட்கும்படி கத்தினார், "ஊட்ட வந்தா விருந்தாளி. இது என்ட வயல். போங்க! எல்லாரும் போங்க!"

வந்தவர்களை ஏசக்கூடாது என்ற பெண் அவர். கத்தி முடித்ததும் அழுதார். பையன் போனை இறக்கிவிட்டான். "எனக்குத் தெரியாது அக்கா, சத்தியமாகத் தெரியாது" என்றான். உண்மைதான், அவனுக்குத் தெரியாது. அவனே ஓடிப்போய் முன்னால் நின்ற வாகனங்களைத் தட்டித் தட்டித் திருப்பச் சொன்னான். பக்கத்து வயல் காவல்காரர்கள் வெடி போட்டார்கள். யானைகள் வந்த வழியால் போகவில்லை, வயலுக்குக் குறுக்காக ஓடின.

ஞாயிறு காலை மிசின் வந்தது, ஆறேமுக்காலுக்கு. இரண்டு ஏக்கரில் அரை ஏக்கருக்குக் கிட்ட மிதிபட்டுச் சேற்றோடு கிடந்தது, மிசினால் எடுக்க முடியவில்லை. மிச்சத்தை வெட்டி எடுத்தார்கள். நவ்சாத் காக்கா வரம்பில் குந்தி இருந்தார். "நாமதான் விருந்து வெச்சிப் பழக்கிப் போட்டம், மிஸ்" என்றார். பிறகு எழும்பிச் சேற்றைத் தட்டிவிட்டு, "ஆனைக்கு ஆக்கள் வராட்டி எனக்கு ஹயர் இல்ல. எண்டாலும் இனி நான் அங்கால ஆக்கள ஏத்த மாட்டன்" என்றார். பழக்கடைக்காரரிடம் அவரே போய்க் கதைத்தார். கடை மூடப்பட்டதா என்று தெரியாது, எனக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை.

இனி விபரம்.

காட்டு யானைக்குத் தீனி போடுவது சட்டப்படியும் கூடாது, உங்கள் உயிருக்கும் நல்லதில்லை. ஆனால் அதைவிட எளிதான காரணம் ஒன்று: நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், யானை போகாது. அந்த ரோட்டுப் பக்கம் வேறு வேலையாகப் போனால் நிறுத்தாமல் போங்கள். படம் எடுத்திருந்தால் இடக் குறியை எடுத்துவிடுங்கள். நெல் வெட்டி முடியும் வரை இந்தப் பதிவை நான் வெளியிடாமல் வைத்திருந்தேன், அடுத்த போகத்துக்குள் யானைகளும் பழக்கத்தை மறந்தால் நல்லது.

கல்முனைக்கு வாருங்கள், அதற்கு ஒரு தடையும் இல்லை. நவ்சாத் காக்காவும் நானும் ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து ஒரு சுற்றுக்குத் திட்டம் போட்டோம்: சாய்ந்தமருதுக் கடற்கரையில் காலை வலை இழுப்பது, கல்முனைச் சந்தை, மருதமுனைத் தறி, திரும்பும் வழியில் எருமைத் தயிர். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். ஓட்டோவுக்கு 4,500 பேசினோம், நாலு பேர் ஏறலாம், யானை கிடையாது. காக்காவின் நம்பரைக் கேட்காதீர்கள், இந்தச் சுற்றைக் கல்முனை பஸ் ஸ்டாண்டில் எந்த ஓட்டோக்காரரிடம் சொன்னாலும் கொண்டுபோவார். தோளும் காலும் மூடிய உடுப்பு நல்லது. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள், சமைத்தவர் யார் என்று கேட்டு அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அவர் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

யானை ரோட்டுக்கு எத்தனை கிலோமீற்றர், எந்தத் திருப்பம்: எழுதவில்லை.

ஞாயிறு பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ராத்தா ஒரு பார்சல் கொண்டுவந்தார். இருவருக்குப் போதுமான சோறு. முந்தின பின்னேரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சோற்றைக் கையால் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "வேண்டாம் ராத்தா, உங்களுக்கே இந்தப் போகம் குறைவு. எனக்கும் சாப்பாடு போட்டுப் பழக்கினால் நானும் திரும்பத் திரும்ப வருவேன்" என்றேன்.

பார்சலை என் பைக்குள் அவரே திணித்து ஸிப்பை இழுத்து மூடினார்.

"ஆன வந்தா வேளாண்ம போகும் புள்ள. நீங்க வந்தா ஒரு கோப்ப சோறுதான் போகும். நீங்க வாங்க."